லாரி ஷெட்டில் மென்பொருள் வேலை: புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் ஒன்பது வருடம் மென்பொருள் எழுதிவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவன் நான். பஸ்ஸும் பார்சல் லாரியும் ஓட்டுகிற ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக மூத்த மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். என் மேஜைக்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்குப் பின்னால் ஷெட். ஏர் பிரேக் விடும் பெருமூச்சு காதில் விழாமல் நான் நிரல் எழுதி வெகுநாளாகிறது.

இதே மாதிரி வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த மொழியில் எழுதுகிறீர்கள் என்பதைத்தான். பழையது பி.எச்.பி., புதியது ஜாவா, தரவுகள் போஸ்ட்கிரஸில், முதலாளிக்குப் போகும் கணக்கு எக்செல்லில். உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. புதிதாக இருப்பது மற்றவைதான். அவற்றை நான் கற்றுக்கொண்ட வரிசையில் எழுதுகிறேன். தப்பாகக் கற்றுக்கொண்டு பிறகு திருத்தியவையும் அதில் உண்டு.

சேர்வதற்கு முன்: கேட்க வேண்டிய கேள்வி

நேர்காணலில் உங்களை அவர்கள் கேட்பது இருக்கட்டும். நீங்கள் ஒன்று கேளுங்கள்: "இரவு எட்டு மணிக்கு சர்வர் நின்றுபோனால் லாரி கிளம்புமா?"

"எப்படியோ எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவோம்" என்று பதில் வந்தால் நல்ல இடம். "அது நிற்காது தம்பி" என்றால், ஒருநாள் நிற்கும்போது உங்களைத்தான் எழுப்புவார்கள். "கிளம்ப முடியாது" என்றால் உங்கள் முதல் ஆறு மாத வேலை என்னவென்று அப்போதே முடிவாகிவிட்டது.

கையோடு இன்னொன்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். இப்போது ஓடுகிற மென்பொருளின் மூல நிரல் யாரிடம் இருக்கிறது? எழுதிக் கொடுத்தவர் தொலைபேசியை எடுக்கிறாரா? நான் சேர்ந்தபோது எங்கள் புக்கிங் மென்பொருளை எழுதியவர் வெளிநாடு போய் மூன்று வருடமாகியிருந்தது. தரவுத்தளத்தின் கடவுச்சொல், கணக்கர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கோவில் ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அது இருந்த வரைக்கும் நல்லது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம்: நிரலைத் தொடாதீர்கள்

பார்சல் கம்பெனியின் நாள் மாலை ஐந்துக்குத்தான் ஆரம்பிக்கிறது. ஐந்திலிருந்து ஒன்பது வரை புக்கிங் கவுன்டரில், எழுத்தருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். வாயைத் திறக்க வேண்டாம்.

எங்கள் எழுத்தர் ஒரு பார்சலுக்கு எடுத்துக்கொள்வது நாற்பது வினாடி. இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசி. வலது கை விசைப்பலகையில். இடது கையில் மார்க்கர் பேனா; பெட்டியின் மேல் எல்.ஆர். (லாரி ரசீது) எண்ணை அவரே எழுதிவிடுவார். "ம" என்று அடித்து என்டர், "5" என்டர், "டூ பே" என்டர். சுட்டெலியைத் தொடவே மாட்டார். அது மேஜை ஓரத்தில் துணி மூடிக் கிடக்கும்.

இதையெல்லாம் கவனிக்காமல்தான் என் முதல் பெரிய மாற்றத்தைச் செய்தேன். ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு கீழிறங்கு பட்டியல், வரைபடம், அழகான நிறம் எல்லாம் வைத்தேன். முதல் நாள் மாலை ஏழு மணிக்கு வரிசை வாசல் தாண்டிச் சாலைக்குப் போய்விட்டது. எழுத்தர் கோபப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து கார்பன் தாள் வைத்த பழைய எல்.ஆர். புத்தகத்தை எடுத்துக் கையாலேயே எழுதத் தொடங்கினார். இரவு 10 மணிக்கு அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்தேன். மறுநாளிலிருந்து எந்தத் திரையையும் விசைப்பலகையால் மட்டும் இயக்க முடியும் என்று காட்டினால்தான் வெளியிடுவது என்று விதி வைத்தோம். அந்தக் கார்பன் புத்தகம் இன்னும் அதே இழுப்பறையில் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.

கவுன்டர் முடிந்ததும் ஷெட்டுக்குப் போங்கள். சுமை ஏற்றுபவர்கள் எந்த ஊர்ப் பார்சலை முதலில் ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள். கடைசியில் இறங்க வேண்டியது முதலில் உள்ளே போகும். புதுவயல் அரிசி மூட்டை அடியில், ஆத்தங்குடி டைல்ஸ் ஓரமாக நிறுத்தி வைத்தபடி, பலகாரப் பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே. எந்த மென்பொருளும் சொல்லித்தராமலே இதைச் செய்கிறார்கள். "லோடு ஆப்டிமைசேஷன்" என்று ஒரு திட்ட அறிக்கையோடு யாராவது வந்தால், அவரை முதலில் இங்கே ஒரு மணி நேரம் நிற்க வையுங்கள்.

அவர்கள் சொல்லை உங்கள் நிரலில் வையுங்கள்

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பேச்சு உண்டு. பஸ் ஒருமுறை போய்ச் சேர்வது ஒரு நடை. அன்றைக்கான ஓட்டத்தை எழுதும் தாள் டிரிப் ஷீட். வசூலைப் பொறுத்து டிரைவர், கண்டக்டருக்குக் கொடுப்பது பேட்டா. பெறுபவர் வாடகை கொடுப்பது டூ பே, அனுப்புபவர் கொடுத்துவிட்டது பெய்டு, மாதக் கடைசியில் பில் போவது அக்கவுன்ட். அட்டவணைப் பெயர்களிலும் இதே சொற்கள் வரட்டும். எங்கள் பழைய தரவுத்தளத்தில் நடைக்கு "ஜர்னி", "டிரிப்", "சர்வீஸ்" என்று மூன்று அட்டவணைகள் இருந்தன. மூன்றும் ஒன்றா வெவ்வேறா என்று எழுதியவருக்கே குழப்பம் வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து, போக மட்டுமா, போய் வருவதா, ஒரு நாள் முழுக்கவா என்று டைம் கீப்பரிடம் கேட்டுக் கேட்டுத்தான் பிரித்தேன்.

பழைய பட்டியல்களில் தமிழ் இருந்தால் எந்தக் குறிமுறை என்று பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஊர்ப் பெயர்கள் இன்னும் கிடைக்கும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். மாற்றிய பிறகு ஒருவர் கண்ணால் படித்துப் பார்த்தே ஆக வேண்டும். டிக்கெட் மெஷினில் தமிழ் அச்சாக வேண்டுமானால், எழுத்துகளைப் படமாக அனுப்ப வேண்டிய மாதிரிகள் உண்டு. அப்போது வேகம் குறையும். கூட்ட நெரிசலில் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வினாடி கூடினாலும் கண்டக்டர் உங்களை மன்னிக்க மாட்டார்.

ஆளும் ஊரும் வீடும்

இந்த வேலையில் எனக்கு அதிகம் நேரம் போனது இதில்தான். வெளியூர் மென்பொருள் ஒவ்வொன்றும் இங்கே வந்து தடுக்கி விழும் இடமும் இதுதான்.

முதலில் ஆள். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) பெயருக்கு முன்னால் வருவது வெறும் தகப்பன் பெயரின் முதலெழுத்து அல்ல, விலாசம். இங்கே அது முகவரி இல்லை; தகப்பன், பாட்டன் என்று முன்னோர் பெயர்களின் முன்னெழுத்துக் கோவை. நான்கு, ஐந்து எழுத்துகள்கூட வரும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருப்பதால் வள்ளியப்பனும் மெய்யப்பனும் சொக்கலிங்கமும் ஒரே தெருவில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக்காட்டுவது விலாசம்தான். "முதல் பெயர்", "கடைசிப் பெயர்" என்று இரண்டு கட்டம் வைத்து, முன்னெழுத்துக்கு ஓரெழுத்து மட்டும் அனுமதித்த மென்பொருளை இங்கே நிறுவிப் பாருங்கள். ஒரு மாதத்தில் ஒருவருடைய டூ பே பாக்கி இன்னொருவர் கணக்கில் ஏறியிருக்கும். விலாசத்துக்குத் தனிக் கட்டம், நீளக் கட்டுப்பாடு இல்லாமல். தேடும்போது புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைக்க வேண்டும்.

அடுத்து வீடு. செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் முகப்பு வைத்து, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டு, அடுத்த தெருவில் பின்வாசலாக முடியும். ஒரே வீட்டுக்கு இரண்டு தெரு. வரைபடம் ஒன்றைத்தான் காட்டும். முகப்பு ஆண்டு முழுக்கப் பூட்டியிருக்கும், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பின்கட்டில் இருப்பார். டெலிவரி பையன் முகப்பில் பத்து நிமிடம் தட்டிவிட்டு "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பி வந்துவிடுவான். எங்கள் முகவரிப் பதிவில் "எந்த வாசல்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெங்களூரில் இருந்து வந்த ஆலோசகர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவரைக் கானாடுகாத்தானுக்கு ஒரு பார்சலோடு அனுப்பியிருக்க வேண்டும். "ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு எதிர்ச்சந்து" என்பது மாதிரி அடையாளங்களையும் முகவரியாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். கதவு எண்ணைவிட அது அதிகம் உதவும்.

கடைசியில் ஊர். திருப்பத்தூர் என்றால் எங்களுக்குக் காரைக்குடிக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் ஊர். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரித்து ஒரு திருப்பத்தூர் மாவட்டமே உருவாக்கினார்கள். இணைய வரைபடத்தில் தேடினால் முதலில் வருவது எது என்பது அந்த நிமிடத்து அதிர்ஷ்டம். ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய பாத்திரப் பெட்டி எங்களிடமிருந்து வடக்கே போய்விட்டது. அடுத்த முறை அப்படி நடக்காமல் இருக்க, ஊர்ப் பெயரை எழுத விடுவதையே நிறுத்தினோம். ஒவ்வொரு ஊருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு, மாவட்டம், அஞ்சல் எண். கண்டனூர், கொத்தமங்கலம், கீழச்சிவல்பட்டி என்று அத்தனைக்கும் மக்கள் எழுதும் எல்லா எழுத்துக் கோர்வைகளையும் ஒரு தனி அட்டவணையில் சேர்த்துக்கொண்டே வருகிறோம். புதுக் கோர்வை வந்தால் எழுத்தர் சேர்ப்பார், மறுநாள் காலை நான் பார்ப்பேன். இதற்கு எந்தச் செயற்கை அறிவும் வேண்டியிருக்கவில்லை.

ஜி.பி.எஸ். பெட்டி சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

நான் சேர்ந்த இரண்டாவது மாதம், புதிதாக வாங்கிய பெட்டியைப் பொருத்திய பஸ் ஒன்று காரைக்குடி ஷெட்டில் நின்றுகொண்டே மேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு கண்மாய்க் கரையில் இருப்பதாகத் திரை காட்டியது. பெட்டி பழுது என்று திருப்பி அனுப்பத் தயாராகிவிட்டார்கள். அது அனுப்பிய வரியைப் பிரித்துப் பார்த்தேன்: 1004.40, 07846.80. பெட்டி சரியாகத்தான் சொல்லியிருந்தது. முதல் எண்ணில் 10 பாகை (டிகிரி), 4.40 கலை (மினிட்). இரண்டாவதில் 78 பாகை, 46.80 கலை. கலையை அறுபதால் வகுத்தால் 10.073, 78.780. காரைக்குடிதான். எங்கள் நிரல் புள்ளியை மட்டும் நகர்த்தி 10.044, 78.468 என்று படித்திருந்தது. அதனால் பஸ் முப்பது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போய்விட்டது. புதுப் பெட்டி எதை வாங்கினாலும், ஷெட் வாசலில் வைத்து நீங்கள் நிற்கும் இடமும் அது சொல்லும் இடமும் ஒன்றா என்று பார்த்துவிட்டு வண்டியில் மாட்டச் சொல்லுங்கள்.

நேரத்தில் இன்னும் நுட்பமான சிக்கல். செயற்கைக்கோள் தருவது உலகப் பொது நேரம். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். சனி இரவு கிளம்பிய பஸ் ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு டீசல் பிடித்தால், மாற்றாமல் எழுதிய நிரல் அதைச் சனிக்கிழமைக் கணக்கில் போடும். பகலில் ஓடும் டவுன் பஸ்ஸில் இது தெரியாது. இரவு பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் தெரியும். தரவுத்தளத்தில் பொது நேரம், திரையிலும் தாளிலும் நம் நேரம், நடைக்கு என்று தனியாக ஒரு தேதி. இந்த மூன்றையும் முதல் நாளே பிரித்து வையுங்கள். பழைய பெட்டிகளில் சில, வாரங்களை 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்துக்குப் போகும். 2019 ஏப்ரல் 7 விடியற்காலை அப்படி ஒரு சுழற்சி வந்தது. உள்ளே நிரல் புதுப்பிக்காத பெட்டி பத்தொன்பதரை வருடம் பின்னால் போய் நிற்கும். முந்தைய பதிவைவிடப் பழைய தேதியோடு வரும் எதையும் தனியே ஒதுக்கி வையுங்கள்.

டீசல் விஷயத்தில் நான் செய்த பிழையைச் சொல்லாமல் விட முடியாது. டாங்கில் உணர்கருவி வைத்து, இரவில் அளவு திடீரென்று குறைந்தால் எச்சரிக்கை அனுப்பும்படி எழுதினேன். ஒரு லாரியில் வாரம் இரண்டு முறை, ஒரே இடத்தில், முப்பது லிட்டர் குறைந்ததாக அறிக்கை வந்தது. அது நேராக மேலாளரிடம் போயிற்று. டிரைவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். இருபது வருடம் ஓட்டியவர். பதில் சொல்லாமல் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஊருணிக் கரைச் சரிவு. லாரி சாய்ந்து நின்றால் டாங்கில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும், கருவி குறைவாகக் காட்டும். வண்டி மறுபடி சமதளத்துக்கு வந்ததும் அளவு ஏறியிருந்ததும் பதிவில் இருந்தது. நான்தான் அதைப் பார்க்கவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி மோர் கொடுத்தார்; அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் வேலைக்கு வந்தார்.

அதற்குப் பிறகு ஒருவர் மேல் குற்றம் விழக்கூடிய எந்த அறிக்கையும் எங்களிடமிருந்து தானாகப் போவதில்லை. ஷெட் ஃபோர்மேன் பார்த்து, வண்டி நின்ற இடம் பார்த்து, அரை மணி நேரம் கழித்து வந்த அளவையும் பார்த்த பிறகுதான் மேலே போகும்.

நள்ளிரவு டிக்கெட்

இரவு 12.15 மணிக்கு ஊரைத் தாண்டும் பஸ்ஸுக்கு வெள்ளி இரவு என்று நினைத்துத்தான் மக்கள் டிக்கெட் கேட்பார்கள். நாள்காட்டிப்படி அது சனி. "சனி 00.15" என்று அச்சடித்துக் கொடுத்தால் சனி இரவு பெட்டியோடு வந்து நிற்பார்கள். பஸ் முந்தின இரவே போயிருக்கும். "வெள்ளி இரவு விடிந்தால் சனி, 12.15" என்று முழுசாக அச்சிடுங்கள். காகிதம் கூடுதலாகப் போகும், போகட்டும். உலகம் முழுக்கப் போக்குவரத்து அட்டவணைக்குப் பயன்படும் ஜி.டி.எஃப்.எஸ். வடிவம் இதற்காகவே நேரத்தை 24:15:00 என்று எழுத அனுமதிக்கிறது. உள்ளே அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இருக்கை ஒதுக்கீட்டில், காரைக்குடியிலிருந்து திருச்சி வரை விற்ற இருக்கையைத் திருச்சியிலிருந்து சென்னைக்கு மறுபடி விற்கலாம் என்பதால், இருக்கையை முழுதாகப் பூட்டாமல் ஊருக்கு ஊர் துண்டாகப் பூட்ட வேண்டும். பணம் கட்டும் வரை பிடித்து வைக்கும் நேரம் முடிந்த பிறகு பணம் வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்பதை நிரலுக்கு முன்னால் முதலாளியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒரே இருக்கை எண்ணோடு இரண்டு பேர் பஸ் படியில் நிற்கும்போது கண்டக்டர் முடிவு செய்யக்கூடாது.

கணக்கு: அழிக்கக் கூடாது

எங்கள் கணக்கருக்கு எழுபதை ஒட்டிய வயது. அவருடைய தகப்பனார் பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாக (கல்லாப் பெட்டியருகே எடுபிடி) சேர்ந்து, கடை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை உயர்ந்தவராம். பழைய பேரேடு ஒன்றை என்னிடம் காட்டினார். ஒரு இடத்தில்கூட அடித்தல் இல்லை. தப்பாகப் பற்று எழுதியிருந்தால், தெரிந்த தேதியில் அதற்கு எதிராக வரவு எழுதி, இன்ன பக்கத்துப் பிழைக்காக என்று குறித்திருக்கிறார்கள்.

எங்கள் மென்பொருளில் அப்போது எல்.ஆர். தொகையைத் திருத்தினால் பழைய எண் மறைந்துவிடும். மாதக் கடைசியில் கிளையின் கணக்கும் தலைமையிடத்துக் கணக்கும் ஒட்டாது, யார் எப்போது மாற்றினார்கள் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போகும். பேரேட்டின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டோம். பணம் தொடர்பான எந்த வரியும் திருத்தப்படாது, நீக்கப்படாது. எதிர்ப்பதிவு மட்டும். தொகைகளைப் பைசாவாக, முழு எண்ணாக வைக்கிறோம். தசமப் புள்ளியோடு கூட்டி வந்த ஒரு பைசா வித்தியாசத்துக்காக அந்தப் பெரியவர் என்னை இரவு எட்டு மணி வரை உட்கார வைத்ததுண்டு. ஒரு பைசாதானே என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு பைசாவின் காரணம் தெரியாதவனுக்கு ஒரு லட்சத்தின் காரணமும் தெரியாது, தம்பி" என்றார். காரணம் கிடைத்தது: பேட்டாவை இரண்டு இடத்தில் தனித்தனியாக முழுதாக்கியிருந்தோம்.

மூத்த பொறியாளர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அந்த அடுத்தாள் பதவியைத்தான். கடை அவருடையது அல்ல. மேலாள் ஊரில் இல்லாதபோது கடை அவர் கையில்.

இ-வே பில்லும் தாள்களும்

இ-வே பில் என்பது சரக்கு சாலையில் போக ஜி.எஸ்.டி. சட்டம் கேட்கும் மின்னணுச் சீட்டு. இதைச் சட்டம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள். நிரல் எழுதுபவர் கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். முதல் பகுதியில் சரக்கின் விவரம், இரண்டாம் பகுதியில் வண்டி எண். 200 கிலோமீட்டருக்கு அல்லது அதன் மிச்சப் பகுதிக்கு ஒரு நாள் செல்லுபடி. காரைக்குடியிலிருந்து சென்னை 400 கிலோமீட்டரைத் தாண்டுவதால் மூன்று நாள். வண்டி எண்ணை முதன்முதலில் பதிந்ததிலிருந்து கணக்கு ஆரம்பிக்கும். முதல் நாள் என்பது மறுநாள் நள்ளிரவு வரை. வழியில் லாரி பழுதாகிச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், புது எண்ணைப் பதியாமல் ஒரு அடி நகரக்கூடாது. செல்லுபடியை நீட்டிக்க முடிகிற நேரம், முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னாலும் எட்டு மணி நேரம் பின்னாலும்தான். எங்கள் எச்சரிக்கை பத்து மணி நேரம் முன்னாலேயே இரவுப் பணியாளருக்குப் போகிறது, டிரைவருக்கு அல்ல. ஓட்டுகிறவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பயனில்லை.

ஒரு பார்சல் லாரியில் இருநூறு எல்.ஆர். இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே தொகுப்பு பில்லாக எடுக்க வசதி உண்டு. அதற்கு முன் ஒவ்வொன்றும் செல்லுபடியில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒரு பெட்டியின் பில் இல்லாததால் மொத்த லாரியும் சாலையோரம் நின்றால், பலகாரப் பெட்டிக்காரருக்கு யார் பதில் சொல்வது?

தகுதிச் சான்று (எஃப்.சி.), பர்மிட், காப்பீடு, மாசுச் சான்று, வரி ஆகியவற்றின் கடைசித் தேதிகளையும் கவனிக்கும் வேலை உங்களிடம் வரும். எட்டு வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் என்பதால் ஒரே நினைவூட்டல் எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

வலை இல்லாதபோது

டிக்கெட் மெஷினும் டிரைவரின் கைப்பேசிச் செயலியும் வலை இருக்கும் என்று எண்ணி எழுதப்படக் கூடாது. எண் வரிசையை ஒவ்வொரு கருவிக்கும் முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். டிக்கெட் அங்கேயே பிறக்கட்டும், பிறகு வந்து சேரட்டும். அதே டிக்கெட் இரண்டு முறை வந்தாலும் வசூல் ஒரு முறைதான் ஏற வேண்டும். சோதனை செய்ய எளிய வழி: கருவியை விமானப் பயன்முறையில் போட்டு தேவகோட்டைக்கு ஒரு நடை போய்வாருங்கள். அலுவலக நாற்காலியில் தெரியாத மூன்று பிழைகளாவது அங்கே தெரியும்.

எல்லாத் தடைகளுக்கும் ஒரு மீறல் வழி வையுங்கள். கிளை மேலாளர் தன் பெயரையும் காரணத்தையும் எழுதி வண்டியை விடலாம். சட்டம் தடுப்பதை மட்டும் மீற முடியாது. காலையில் அந்த மீறல்களை நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் பிழை அவர்களிடம் இல்லை, உங்கள் விதியில்.

எப்போது வெளியிடுவது

புது மாற்றத்தை வெளியிட எங்களுக்கு நல்ல நேரம் செவ்வாய் அல்லது புதன், காலை பதினொன்று. காலை டெலிவரி முடிந்திருக்கும், மாலைப் புக்கிங் ஆரம்பித்திருக்காது, எல்லோரும் விழித்திருப்பார்கள். வெள்ளி மாலை நினைத்தும் பார்க்காதீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பத்து நாள் முன்னால் பூட்டிவிடுவோம். காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழா, குன்றக்குடி பங்குனி உத்திரம், பிள்ளையார்பட்டி சதுர்த்தி எல்லாம் வெளியீட்டு நாள்காட்டியில் இருக்க வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடப்பவர்கள் சாலையில் இருக்கும் நாட்களில், வண்டி வந்து சேரும் நேரத்தைக் கணிக்கும் உங்கள் நிரல் பிதற்றும். அந்த வாரம் அதை அணைத்து வைப்பதே மரியாதை.

இளையவர்கள்

எங்கள் குழுவில் நான்கு பேர். மூவர் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் படித்தவர்கள். கெட்டிக்காரர்கள், ஆனால் தப்பைச் சொன்னால் திட்டு விழும் என்று வளர்ந்தவர்கள். ஒரு பெண் தவறுதலாக ஒரு கிளையின் ஒரு நாள் பாக்கியை நீக்கிவிட்டு, இரவெல்லாம் தானே மீட்கப் பார்த்திருக்கிறார். காலையில் கண் சிவந்து வந்து சொன்னார். காப்புப் பிரதியிலிருந்து இருபது நிமிடத்தில் எடுத்தோம். நான் அவரைக் கேட்ட ஒரே கேள்வி, இரவு ஏன் கூப்பிடவில்லை என்பது. "அண்ணே, நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று..." என்று இழுத்தார். அன்றிலிருந்து வாரம் ஒருவர் இரவுப் பொறுப்பு என்று முறை போட்டோம், முதல் வாரம் என் பெயர். காப்புப் பிரதியை மாதம் ஒருமுறை உண்மையிலேயே மீட்டுப் பார்ப்பதும் அந்தப் பெண்ணின் வேலையாகிவிட்டது. மீட்டுப் பார்க்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

அவர்களில் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு ஒருமுறை லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இரவு போய்வரச் சொல்கிறேன். திரும்பி வந்த பிறகு அவர்கள் எழுதும் பிழைச் செய்திகள் சிறிதாகின்றன, எழுத்துகள் பெரிதாகின்றன.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள்

வீட்டுக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் இணைய இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் யு.பி.எஸ். சர்வருக்கு எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைப் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல், ஒருநாள் பிளக்கை இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளம் சென்னை அளவுக்கு வராது. பேசும்போது இரவு அழைப்புக்குத் தனியாகக் கேளுங்கள், கொடுப்பார்கள். சென்னைக்கு அவசரமென்றால் விடியற்காலையில் பல்லவன் ரயில் இருக்கிறது. ஆனால் உங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே போவது நல்லது, டிக்கெட்டை நீங்களே உங்கள் தளத்தில் பதிவு செய்து.

முதன்முதலாக ஷெட்டைப் பார்க்க வருவதானால் காலை பதினொன்றுக்கு வாருங்கள். மாலை ஐந்துக்கு மேல் வந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம்.